சிற்றூர்களும் மண்பாதைகளும்: ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் கிளம்பி, மூன்று நான்கு சிற்றூர்களைத் தொட்டு, நடுவே வயலோர மண்பாதையிலும் சரளைச் சாலையிலும் ஓட்டி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப நினைப்பவருக்கான வழிகாட்டி இது. தினமும் 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் இருந்தால் 50 கிலோமீட்டர் எட்டாத தூரமில்லை.

புதிதாக வருபவர்கள் கால் வலுவில்லாமல் தடுமாறுவது குறைவு. செய்ய வேண்டியதைக் கால்மணி நேரம் தாமதமாகச் செய்வதால்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நாக்கு வறண்டபின் தண்ணீர் குடிப்பார்கள், ஏற்றத்தில் நின்றுபோனபின் கியரை மாற்றுவார்கள், வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பார்கள். அதனால் கீழே உள்ள படிகளில் வரிசை முக்கியம். அதை மாற்ற வேண்டாம்.

1. முதலில் பாதை, பிறகுதான் தூரம்

"60 கிலோமீட்டர் போகலாம்" என்று தூரத்தை முதலில் முடிவு செய்தால் பாதையை அதற்கேற்ப இழுக்க வேண்டிவரும். ஊர்களை முதலில் குறியுங்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே 10 முதல் 15 கிலோமீட்டர் இருப்பது நல்லது. அது ஒரு மணி நேர ஓட்டம். தண்ணீர் தீர்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

போன வழியே திரும்பாமல் வட்டமாக வரும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்த வட்டத்தை நடுவே வெட்டிக்கொண்டு வீடு சேரும் குறுக்குச் சாலை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மழை வந்தாலும் முழங்கால் வலித்தாலும் உதவப்போவது அந்தக் குறுக்குச் சாலைதான். வரைபடத்தில் அதை வேறு நிறத்தில் குறித்து வையுங்கள்.

வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவதெல்லாம் ஓட்டக்கூடிய பாதை என்று நம்பிவிடாதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு இணைகோடுகளாக வண்டித்தடம் தெரிந்தால் பாதை புழக்கத்தில் இருக்கிறது. கோடு புதரில் மறைந்தாலோ வேலிக்குள் நுழைந்தாலோ ஆற்றங்கரையில் முடிந்தாலோ அதை விட்டுவிடுங்கள். 8 கிலோமீட்டர் உள்ளே போனபின் பாலம் இல்லை என்று தெரிந்தால் 16 கிலோமீட்டர் வீண்.

கடினமான மண்பாதையை நாளின் முதல் பாதியில் வையுங்கள். களைத்த கைக்கு ஹேண்டில்பாரை நிதானமாகப் பிடிக்க வராது. விழுவது பெரும்பாலும் அப்போதுதான். காற்றையும் கணக்கில் எடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். காலையில் எதிர்காற்றில் கிளம்பினால் மாலையில் அதுவே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

2. நேரக் கணக்கு

தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்துவிட்டு "மூன்றரை மணி நேரம்" என்று சொல்வது எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். சாமான் ஏற்றிய சைக்கிள் சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் போகும். மண்பாதையில் 10 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு 100 மீட்டர் உயர ஏற்றத்துக்கும் 10 நிமிடம் சேருங்கள்.

உதாரணத்துக்கு 55 கிலோமீட்டர் பாதை: தார்ச்சாலை 35, மண்பாதை 20, மொத்த ஏற்றம் 300 மீட்டர். தாருக்கு 2 மணி 10 நிமிடம், மண்ணுக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 30 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட நிறுத்தம் என்று 50 நிமிடம், மதிய உணவுக்கு 45 நிமிடம். ஆக 6 மணி 15 நிமிடம். இதன்மேல் பஞ்சருக்கும் வழி தவறியதற்கும் ஒரு மணி நேரம். மொத்தம் 7 மணி 15 நிமிடம்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் இருப்பதுபோலப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 6 மணிக்கு இருட்டுமென்றால் 5 மணிக்கு வீடு. அப்படியானால் காலை 9.45 உங்கள் கடைசி எல்லை. வெயிலையும் காற்றையும் நினைத்தால் 6.30 மணியே சரியான நேரம்.

கிளம்பும் முன்பே ஒரு திரும்பும் நேரத்தையும் எழுதி வையுங்கள். "11 மணிக்குள் இரண்டாம் ஊரை எட்டாவிட்டால் குறுக்குச் சாலை" என்பது போல. களைப்பில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. முதல்நாள் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவை நம்பலாம்.

3. சைக்கிளை இரண்டு நாள் முன்பே பாருங்கள்

முந்தைய இரவு பார்த்தால் குறை தெரியும், ஆனால் கடை மூடியிருக்கும். இரண்டு நாள் முன்பு பார்த்தால் மாற்றவும் நேரம் உண்டு, மாற்றியதை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சோதிக்கவும் நேரம் உண்டு. புது பிரேக் கட்டையும் புது சீட்டும் பயண நாளன்று அறிமுகமாகக் கூடாது.

டயரில் தொடங்குங்கள். மெதுவாகச் சுழற்றி ரப்பரில் புதைந்த கண்ணாடித் துணுக்கு, முள், பக்கச்சுவரில் வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளிருக்கும் நூல் தெரிந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

காற்று விஷயத்தில் "கல்லு மாதிரி" அடிப்பதுதான் நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மண்பாதையில் அது பலிக்காது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பிடிமானம் போகும், மணிக்கட்டு வலிக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கலப்புப் பாதையில் 32 மி.மீ. டயருக்கு 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), 40 மி.மீ. டயருக்கு 40, 50 மி.மீ. டயருக்கு 30 என்று தொடங்கலாம். எடை 10 கிலோ கூடினால் 3 முதல் 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள். பின்சக்கரம்தான் அதிக எடை சுமக்கிறது, அதனால் முன்சக்கரத்தில் சில பிஎஸ்ஐ குறைவாக இருக்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச எண்ணை மட்டும் தாண்டக் கூடாது.

பிரேக் லீவரை முழு பலத்தோடு அழுத்துங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டால் கேபிளை இறுக்க வேண்டும். கட்டையில் உள்ள பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் கட்டையை மாற்றுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பார்த்தால் தளர்ந்த கம்பி கையிலேயே தெரிந்துவிடும்.

செயின் நீண்டிருக்கிறதா என்று ஓர் அளவுகோலால் பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24-ஆவது கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் மாற்றும் வேளை வந்துவிட்டது. எண்ணெயை முந்தைய இரவே ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, சற்று நேரம் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிவதைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். வெளியில் ஈரமாக இருக்கும் எண்ணெய் செயினுக்கு உதவாது. புழுதியைப் பிடித்துவைத்து அரைக்க மட்டுமே உதவும்.

4. சீட் உயரம்

50 கிலோமீட்டரில் ஒரு கால் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். ஒரு சென்டிமீட்டர் தவறும் அத்தனை தடவை உறுத்தும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலும் உயரம்தான். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்துபவர்கள் மதியத்துக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

5. எதை எடுப்பது, எங்கே வைப்பது

பஞ்சர் சாமான்தான் முதல் பை: உங்கள் டயர் அளவுக்குச் சரியான டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, உப்புத்தாள், பஞ்சர் சொல்யூஷன், ஒட்டுகள், கைப்பம்பு. கைப்பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை காற்றடித்துப் பாருங்கள். வழியில் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அல்ல அது. சொல்யூஷன் குழாயை ஒரு முறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும், அமுக்கிப் பாருங்கள். ரப்பர் உறை உள்ள பழைய வகை வால்வு என்றால் ஒரு வால்டியூப் துண்டும் வேண்டும்.

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, சக்கரம் நட்டால் பூட்டியிருந்தால் அந்த அளவு ஸ்பேனர் (பெரும்பாலும் 15 மி.மீ.), செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை நான்கைந்து, இன்சுலேஷன் டேப். கிருமிநாசினி, பஞ்சு, கட்டுத்துணி. முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு. பகலில் கிளம்பினாலும் இவை வேண்டும். மெல்லிய மழைச்சட்டை. சில்லறைப் பணம்.

முதுகில் பை வேண்டாம். 3 கிலோ பை முதல் மணி நேரத்தில் ஒன்றுமே தெரியாது, மூன்றாவது மணி நேரத்தில் தோளும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். கனமானதைத் தாழ்வாகவும் கேரியரோடு ஒட்டியும் கட்டுங்கள். தொங்கும் வாரைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். ஸ்போக் கம்பியில் சிக்கும் ஒரு முழ வார், சக்கரத்தை நொடியில் நிறுத்திவிடும்.

போனில் வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், திருப்பம், இடையிலுள்ள தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். சிக்னல் தேடித்தேடியே போன் சார்ஜ் தீரும். தாளுக்குச் சார்ஜ் வேண்டாம்.

6. முதல் 10 கிலோமீட்டர்

கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டுவிடுங்கள். டயரை ஒரு முறை அமுக்கி, பிரேக்கை ஒரு முறை பிடித்து, சைக்கிளைக் கொஞ்சம் தூக்கித் தரையில் தட்டுங்கள். ஏதாவது கடகடவென்று ஒலித்தால் தளர்ந்தது எது என்று பார்த்த பிறகுதான் ஏற வேண்டும்.

காலைக் குளிரில் கால் தானாக வேகமாக மிதிக்கும். அதை அடக்குங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே போதும். பெடல் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வருகிற கியரில் இருங்கள். கனமான கியரை அழுத்தி மிதித்தால் தசை முந்திக் களைக்கும். லேசான கியரில் சுற்றினால் சுமையின் ஒரு பகுதியை மூச்சு வாங்கிக்கொள்ளும், மூச்சு சீக்கிரம் மீண்டுவிடும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரைக் குறையுங்கள். ஏற்றத்தின் நடுவே பாரம் ஏறிய செயினை மாற்றினால் அது தாவும், சில நேரம் அறுந்தேவிடும்.

7. சிற்றூருக்குள்

ஊர் எல்லையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். கதவு எந்த நேரமும் திறக்கலாம். ரயில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்; மழை ஈரத்தில் இரும்பு வழுக்கவும் செய்யும்.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பல நாய்களுக்கு ஓட்டம்தான் தூண்டுதல். நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். கண்ணை நேராக முறைக்காதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பயணம் அங்கேயே முடிந்தது.

ஊரில் நிற்கும்போது முதலில் பாட்டில்களை நிரப்புங்கள், பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்ட நிறைவில் கிளம்புபவர்கள் காலி பாட்டிலோடு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த மண்பாதையைப் பற்றி அங்கேயே ஒருவரிடம் கேளுங்கள். "அந்த வழி போகுமா?" என்று கேட்டால் நடந்து போகிறவர் "போகும்" என்பார். "சைக்கிள் போகுமா, நேற்று யாராவது வண்டியில் வந்தார்களா?" என்று கேளுங்கள்.

8. மண்பாதையில் ஓட்டுவது

தாரில் பழகிய கைக்கு இங்கே மூன்று மாற்றங்கள் தேவை. பிடியைத் தளர்த்துங்கள், முழங்கையை மடக்குங்கள், பார்வையைச் சக்கரத்துக்கு முன்னாலேயே நட்டுவைக்காமல் 5 முதல் 10 மீட்டர் தொலைவில் வையுங்கள். கல்லையே பார்த்தால் சைக்கிள் கல்லுக்கே போகும். கற்களுக்கு நடுவே உள்ள வழியைப் பாருங்கள்.

மேடுபள்ளத்தில் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து இரண்டு விரற்கடை எழும்புங்கள். முழங்கால்கள் ஸ்பிரிங்போல வேலை செய்யும், பின்சக்கரத்துக்கு அடி குறையும்.

சரளையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் வளைவில்தான் விழுகிறார்கள், அதுவும் முன்பிரேக்கால். டயருக்குத் தரையோடு உள்ள பிடி ஒரே அளவுதான்; அதைத் திரும்பவும் செலவழித்து, நிற்கவும் செலவழித்தால் போதாது. முன்சக்கரம் வழுக்கினால் மீட்க நேரம் கிடையாது. வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

மணல் தெரிந்தால் அதற்குள் நுழையும் முன்பே ஒரு கியர் குறைத்து, உடலைப் பின்னுக்குத் தள்ளி, விடாமல் மிதியுங்கள். ஹேண்டில்பார் கொஞ்சம் ஆடும்; ஆடட்டும். அதை நேராக்கப் போராடினால் முன்சக்கரம் புதையும். புதைந்துவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

வண்டித்தடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். தடம் மாற வேண்டுமானால் தாழ்வான இடம் வரும்வரை காத்திருந்து, முடிந்தவரை செங்குத்தாக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்வாக உரசிக்கொண்டு ஏற முயன்றால் தடத்தின் சுவர் சக்கரத்தைத் திருப்பிவிடும்.

களிமண் சேறு வேறு ரகம். இருபது மீட்டரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் நோண்டினாலும் அடுத்த இருபது மீட்டரில் அதே கதை. முந்தைய இரவு நல்ல மழையென்றால் அன்றைக்கு அந்தப் பகுதியைத் தார்ச்சாலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடும் நீரில் தரை தெரியவில்லையென்றால் ஓட்டாதீர்கள், ஆழம் தெரியாமல் இறங்கவும் வேண்டாம். வேலிப்படல் மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள்.

9. தண்ணீரும் தீனியும்

மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர் வேண்டும். கடும் வெயிலில் இன்னும் கூடும். போனில் 15 நிமிடத்துக்கு ஒரு மணியடிக்க வைத்து, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு மிடறு குடியுங்கள். ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் அது வயிற்றில் குலுங்குமே தவிர உடனே உடம்பில் சேராது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று வையுங்கள். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று தவறாக எண்ணி மேலும் குடிப்பது ஆபத்து.

முதல் 45 நிமிடத்திலிருந்தே தின்னத் தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பசி வரட்டும் என்று காத்திருந்தால் காலில் காற்றுப் போனதுபோல ஒரு நிலை வரும். கை நடுங்கும், எரிச்சல் வரும், சின்ன ஏற்றம்கூட மலையாகும். அப்போது எதைத் தின்றாலும் கால் மீள 20, 30 நிமிடம் ஆகும். மதிய உணவு அரைவயிறு போதும். கிளம்பியபின் முதல் 20 நிமிடம் மெதுவாக மிதியுங்கள்.

10. பஞ்சர்

பின்சக்கரத்தை வீட்டில் ஒரு முறையாவது கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். பழகியவருக்கு 15 நிமிட வேலை.

பாதையைவிட்டு ஒதுங்குங்கள். செயினைப் பின்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றியபின் சக்கரத்தைக் கழற்றினால் எளிதாக வரும், திரும்பப் பூட்டவும் எளிது. வால்வுக்கு எதிர்ப்புறத்தில் லீவரை நுழைத்து டயரின் ஒரு விளிம்பை வெளியே எடுங்கள். டியூபை உருவும்போது அது டயரில் எந்தப் பக்கமாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், டியூபை டயர்மேல் அதே நிலையில் வைத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடம் அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் புது டியூபைப் போட்டு, 200 மீட்டரில் மறுபடி இறங்குபவர்கள் அநேகர். டயரின் உட்புறத்தில் ஒரு துணியை மெதுவாக இழுத்துவாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் நுனி இருக்கும். வெளியே வெறும் கரும்புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை விரலால் வெளிப்புறமாக வளைத்தால் முள்ளின் அடி வாய்திறந்து தெரியும். லீவர் முனையால் நெம்பி எடுங்கள்.

ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கமாக இரண்டு சிறு ஓட்டைகள் என்றால் காற்றுக் குறைவில் கல்லில் மோதி ரிம் கடித்திருக்கிறது. உட்புறத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

வழியில் புது டியூபைப் போட்டுவிட்டு, பழையதை அடுத்த நிழலில் ஒட்டுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டைவிடப் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு மங்கி விரலில் ஒட்டாத நிலை வரும்வரை சுமார் ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் உள்ளே மாட்டிய கரைப்பான் ஒட்டைத் தூக்கிவிடும். ஒட்டு பிரிந்துவருவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த அவசரம்தான்.

டியூபில் வட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து டயருக்குள் வையுங்கள். விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்து வால்வு அருகே முடியுங்கள். கடைசிப் பகுதிக்கு லீவர் போட்டால் டியூபைக் கிள்ளிவிடும். வால்வை ஒரு முறை உள்ளே அழுத்தி விடுங்கள். விளிம்புக்குக் கீழே டியூப் மாட்டியிருந்தால் விலகும். பாதி காற்றில் நிறுத்தி, ரிம்மை ஒட்டிய டயர்க்கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்தபின் முழுக் காற்று அடியுங்கள். பக்கச்சுவரே கிழிந்திருந்தால் தடித்த பிளாஸ்டிக் உறையை நான்காக மடித்து உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து, மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம்.

11. உடம்பு சொல்வதைக் கேட்பது

விரல் மரத்தால் பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். சீட் முன்னால் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சரிவு உடல் எடையைக் கைக்குத் தள்ளும். வெயிலில் மயிர்க்கூச்சம், தலைசுற்றல், வாந்தி உணர்வு வந்தால் உடனே நிழலுக்கு ஒதுங்கிக் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சுக் குழறினாலோ நிலை தடுமாறினாலோ அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். உடம்பைக் குளிர்விப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

12. வீடு திரும்பியபின்

சைக்கிளில் ஒட்டிய மண் காயும் முன்பே தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ஹப் மீது வேகமாகப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் கிரீஸ் கழுவிப் போய்விடும். செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் விடுங்கள். டயரில் புதைந்த முட்களைப் பிடுங்குங்கள். மறுநாள் காலை இரண்டு டயரையும் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். மெல்லக் கசியும் பஞ்சர் இரவு முழுக்க நின்றபின்தான் தெரியும்.